பின்னால் இருக்கும் ரீப்பரைப் பாருங்கள்: விங் சுன் மர டம்மி, ஒரு விமர்சனம்

விங் சுன் என்ற சீனக் குங்ஃபூவில் ஆளுக்குப் பதில் நிறுத்தி அடித்துப் பழகும் மர டம்மியை விற்பவர்கள் படம் எடுத்துப் போடுவது எப்போதும் முன்பக்கத்தைத்தான். பளபளவென்று கடைந்த உருளை, அதில் செருகிய மூன்று கைகள், முட்டி மடங்கிய ஒற்றைக் கால். வாங்க வருகிறவர்களும் உருளையைத் தடவிப் பார்த்து, விரல் கணுவால் தட்டிப் பார்த்து, "தேக்குதானே?" என்று கேட்பதோடு சரி. உருளைக்குப் பின்னால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு குறுக்கு ரீப்பர் போகிறதே, அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. டம்மி தேறுமா தேறாதா என்பதைப் பாதிக்குமேல் முடிவு செய்வது அந்த ரீப்பர்தான். உருளை சுமாராக இருந்து ரீப்பர் சரியாக இருந்தால் பத்து வருஷம் ஓட்டலாம். நல்ல உருளையை மொத்தையான ரீப்பரில் மாட்டினால் தூணைக் குத்துவதும் அதைக் குத்துவதும் ஒன்று.

ரீப்பர் ஏன் அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் புரிந்துவிடும். சீனாவின் தெற்கே ஃபோஷான் ஊரில் பழைய வழக்கம், கட்டையின் அடிப்பாகத்தைத் தரையில் குழி தோண்டி நட்டுவிடுவது. கான்டனீஸ் மொழியில் அதற்குச் செத்த கட்டை என்றே பெயர். முற்றமும் தோட்டமும் இருக்கிற வீட்டுக்கு அது சரி. அந்த ஊரில் வசதியான குடும்பத்தில் 1893இல் பிறந்து, பின்னாளில் விங் சுன் ஆசானாகப் பெயர் பெற்ற இப் மேன், ஆட்சி மாறிய 1949இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹாங்காங் வந்து சேர்ந்தார். வயது 55ஐத் தாண்டியிருந்தது. அதுவரை வித்தையை விற்றுப் பிழைத்தவர் அல்ல. 1950இல் கவுலூன் பக்கம் உணவக ஊழியர் சங்கத்தின் இடத்தில் வகுப்பு ஆரம்பித்தார். சங்கத்தைச் சேர்ந்த லியுங் ஷியுங் முதல் மாணவர். வாழ்க்கையை இன்னொரு தடவை ஒன்றிலிருந்து எண்ண வேண்டிய நிலை.

அப்போதைய ஹாங்காங்கில் குழி தோண்ட மண் ஏது? 1945இல் 6 லட்சம் பேர் அளவில் இருந்த ஊர், ஐந்தே வருஷத்தில் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி எரிந்து 50,000க்கும் அதிகமானோர் தெருவுக்கு வந்த பிறகு, அரசு அடுக்குமாடிகளைக் கட்டி ஆட்களைக் குடிவைத்தது. பெரியவர்கள் 5 பேருக்கு 120 சதுர அடி, அதாவது பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று என்பது அங்கே கணக்கு. அந்த வகை அடுக்ககமான லீ செங் உக்கிலும் இப் மேன் பாடம் சொல்லியிருக்கிறார். மாடி வீட்டில் கட்டையை நட முடியாது, அறைக்குள் நிற்கவைத்தாலும் கீழ்வீட்டுக்காரர் சும்மா இருக்கமாட்டார். ஆகவே கட்டையைத் தரையிலிருந்து தூக்கி, இரண்டு குறுக்குச் சட்டத்தில் கோத்து, சுவரோரம் தொங்கவிட்டார்கள். அதன் பெயர் உயிர்க் கட்டை. அடித்தால் சற்று உள்வாங்கும், பக்கவாட்டில் வழுகும், திரும்பி வரும். இடம் இல்லாத குறைக்குச் செய்த ஏற்பாடு, எதிரில் ஆள் நிற்கிற உணர்வைக் கொண்டுவந்துவிட்டது. இப் மேனிடமே பயின்ற கூ சாங் போன்ற தச்சர்கள் இதே வடிவத்தைச் செய்துகொடுக்க, உலகம் முழுக்க இன்றைக்கு விற்பதெல்லாம் ஏறக்குறைய இந்த ஹாங்காங் டம்மிதான். சொந்த ஊரில் இருந்த கட்டையை அல்ல, வாடகைக்கு வந்த ஊரின் கட்டையைத்தான் நாம் வாங்குகிறோம்.

அதனால் ரீப்பரிலிருந்தே தொடங்கலாம். அளவு இது: தாங்கும் இடத்துக்கும் தாங்கும் இடத்துக்கும் நடுவே 5 அடி நீளம், 2 அங்குல அகலம், 6 நூல், அதாவது முக்கால் அங்குலத் தடிமன். அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கவேண்டும். அப்போதுதான் எடையை அகலம் தாங்கும், அடியைத் தடிமன் வாங்கி வளையும். படுக்கவைத்துக் கோத்த டம்மிகளும் சந்தையில் உண்டு. அவை நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிடும், முன்பின் அசைவே இருக்காது.

நல்ல தேக்கில் இந்த அளவு ரீப்பர் இரண்டு போட்டு, உருளையின் நடுவில் 10 கிலோ அளவுக்குத் தள்ளினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பின்னால் போகவேண்டும், கையை எடுத்ததும் திரும்பவேண்டும். இதுதான் கடையில் செய்துபார்க்க வேண்டிய முதல் சோதனை. தள்ளியும் அசையாவிட்டால் ரீப்பர் மொத்தை. உள்ளே போனது தளதளவென்று இரண்டு மூன்று தடவை ஆடினால் மெல்லிசு.

செய்பவர்கள் இங்கே செய்கிற தப்பு ஒன்றுதான்: "உடையக்கூடாது சார், ஒரு அங்குலமாவே போட்டுடறேன்" என்பார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கும். ஆனால் மரச்சட்டத்தின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் ஏறும். 6 நூலை 8 நூல் ஆக்கினால் விறைப்பு இரண்டேகால் மடங்கைத் தாண்டிவிடும், 4 நூல் ஆக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ரெண்டு நூல் வித்தியாசம் என்று அலட்சியமாக விட முடியாத இடம் இது. நீளத்துக்கும் இதே கணக்கு, திருப்பிப் போட்டு. சுவரில் 4 அடிதான் கிடைக்கிறது என்றால் 6 நூல் ரீப்பர் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைத்துப்போகும். அங்கே 5 நூலுக்கு இழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பழைய துள்ளல் திரும்பிவிடும்.

ஓட்டுக்கூரைக்கு அடிக்கிற ரீப்பர் இதே அளவில் எந்த மரக்கடையிலும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதை வாங்கி மாட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் கணு இருக்கும், ரேகை குறுக்கே ஓடியிருக்கும், வெள்ளை மரம் கலந்திருக்கும். சரியாக நடுவில், உருளையின் துளை விளிம்பில் ஒருநாள் பட்டென்று பிளக்கும். கணுவே இல்லாத, ரேகை முனையிலிருந்து முனைவரை நேராக ஓடுகிற வைரப்பகுதியைத் தேடி எடுக்கவேண்டும். இரண்டு ரீப்பரும் ஒரே பலகையிலிருந்து அறுத்தவையாக இருந்தால் மேலும் கீழும் ஒரே மாதிரி வளையும். ரீப்பரின் முனைகளைப் போல்ட் போட்டு இறுக்கக்கூடாது என்பதும் முக்கியம். முனையில் துளை போட்ட ரீப்பர் அந்தத் துளையிலிருந்துதான் விரியும். சுவரில் பொருத்தும் நிலைச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதில் சும்மா உட்காரவிட்டு, எகிறாமல் இருக்க ஒரு சின்ன மரத்தாழ் போதும்.

உருளையில் ரீப்பர் போகும் துளை, ரீப்பரைவிட உயரத்தில் 2 நூலும் முன்பின்னில் 2 நூலும் பெரிதாக இருக்கவேண்டும். அந்த இடைவெளியில்தான் கட்டை பக்கவாட்டில் வழுகுகிறது. இறுக்கமாக அடித்துவிட்டால் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி அங்கேயே நிற்கும். கிறீச்சென்று சத்தம் வந்தால் மெழுகுவத்தியை ரீப்பரில் தேய்த்தால் போதும். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து இன்னும் பிடிக்கும்.

அடுத்தது சுவர். வீட்டைப் பற்றி விற்பவர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் டம்மியை அனுப்பிவைத்தால், அந்த இடத்திலேயே மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம். உருளை மட்டும் 40 கிலோ, கைகால் சட்டமெல்லாம் சேர்த்து 50 கிலோவைத் தாண்டும். கைகளின் வால் உருளைக்குப் பின்னால் 3 அங்குலம் வரை நீட்டிக்கொண்டிருக்கும், கட்டை பின்னுக்கு வேறு வரும். ஆகவே சுவரிலிருந்து ரீப்பருக்கு 10 அங்குலமாவது இடைவெளி வேண்டும். அவ்வளவு தள்ளி நிற்கிற எடை, போல்ட்டைக் கீழே இழுப்பதைவிடச் சுவரிலிருந்து பிடுங்கத்தான் பார்க்கும். 9 அங்குலச் செங்கல் சுவர் என்றால் 10 மில்லி ஆங்கர் போல்ட் பக்கத்துக்கு மூன்று போதும். செங்கல் உடம்பில் இறங்கவேண்டும், காரைச் சந்தில் இறங்கினால் பிடிக்காது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் மாட்டவே வேண்டாம். போல்ட் நின்றாலும் சுவரே பறை மாதிரி அதிர்ந்து பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லும். புதிய அடுக்ககங்களில் கட்டுகிற லேசான ஏஏசி கல்லாக இருந்தால் சாதாரண ஆங்கர் போல்ட்டை முடுக்க முடுக்க உள்ளே கல் மாவாகிவிடும். மறுபக்கம் இரும்புத் தகடு வைத்துச் சுவரை ஊடுருவும் போல்ட் போடலாம், இல்லை ரசாயனப் பசை ஆங்கர் போடலாம். இரண்டுக்கும் வசதி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நிலைச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 10 மில்லி ரப்பர் ஷீட். ரீப்பர் முனைகள் உட்காரும் பள்ளத்தில் பழைய சைக்கிள் ட்யூபை ஒரு சுற்று. பஞ்சர் கடையில் சும்மா கிடைக்கும் இந்த ட்யூப் துண்டு செய்கிற வேலையைப் பல விலையுயர்ந்த டம்மிகளோடு வரும் பிளாஸ்டிக் மூடி செய்வதில்லை. மரத்தோடு மரம் மோதும் டக் டக் இரவு 9 மணிக்கு மேல் அடுக்ககத்தில் எப்படிக் கேட்கும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

சின்ன அறைக்கு ஒரு யோசனை: மூலையில் மாட்டுங்கள். இரண்டு சுவரிலும் மூலையிலிருந்து மூன்றரை அடி தள்ளி ஆளுக்கொரு நிலைச்சட்டம், நடுவே குறுக்காக 5 அடி ரீப்பர். நீட்டிக்கொண்டு நிற்கும் தாங்கு சட்டமே வேண்டாம், போல்ட்டைப் பிடுங்கும் விசையும் குறைந்துவிடும். கட்டைக்குப் பின்னால் இரண்டரை அடி சும்மா கிடக்கும், அங்கே விளக்குமாறு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு உரிமையாளர் ஆணிகூட அடிக்கவிடமாட்டார் என்பவர்களுக்கு நிற்கும் சட்டகம் உண்டு. இங்கே மரத்தைவிட அடித்தளத்தின் பரப்பும் பாரமும்தான் விஷயம். 4 அடிக்கு 3 அடிக்குக் குறைந்த அடித்தளம் மெல்ல மெல்ல நடந்து பின்னால் போகும். பாடம் முடியும்போது டம்மி பால்கனிக்கே போயிருக்கும். 60 கிலோவுக்குக் குறையாமல் மணல் மூட்டை பின்கட்டையில் போடுங்கள், அடியில் ரப்பர் பாய் விரியுங்கள். சட்டகமும் ஆடும், ரீப்பரும் ஆடும் என்பதால் அசைவில் ஒரு கொழகொழப்பு இருக்கத்தான் செய்யும். வேறு வழியில்லாதவர்களுக்கு இது பரவாயில்லை. ஸ்பிரிங் மேல் நிற்கும் வகையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அடித்தால் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலைசாய்ந்து நாலு பக்கமும் ஆடுகிறது. ஆள் அப்படிச் சாய்ந்து நிமிர்வதில்லை. அந்த ஆட்டத்துக்குக் காத்திருந்து அடுத்த அசைவைப் போடப் பழகினால், பிறகு அதை மறக்க வேறு மெனக்கெட வேண்டும்.

இனி உருளை. விட்டம் 9 அங்குலம், நீளம் 5 அடி. கடைவதற்கு ஒன்பதரைக்கு ஒன்பதரை அங்குலச் சதுரக் கட்டை வேண்டும், அது 3 கன அடிக்குச் சற்று மேல். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் கடைசல் பட்டறையில் சீவலாகப் போய்விடும், காசு மட்டும் முழுக் கட்டைக்கும் கொடுக்கவேண்டும். மரக்கடையில் அன்றைக்கு என்ன கன அடி விலையோ அதை மூன்றேகாலால் பெருக்கினால் மரச்செலவு கிடைக்கும். விற்பவர் சொல்லும் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் அது சொன்ன மரமாக இருக்காது, அல்லது காய்ந்த மரமாக இருக்காது.

இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. காயாத மரத்தைக் கண்டுபிடிக்கத் தராசு போதும். இந்த அளவு உருளையின் கொள்ளளவு 62 லிட்டர். நன்றாகக் காய்ந்த தேக்கு 40 கிலோ அளவில் நிற்கும், வேம்பு 45 கிலோ பக்கம், கருவேலம் 50 கிலோவை ஒட்டி. தேக்கு உருளை 55 கிலோ காட்டினால் 15 கிலோ தண்ணீரையும் மர விலைக்கு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ஒரு கோடை தாண்டுவதற்குள் வெளியேறும், வெளியேறும்போது உருளை வெடிக்கும்.

வெடிப்பைப் பற்றி வாங்குகிறவர்களுக்கு இருக்கும் பயம் பாதி தேவையில்லாதது. நடுமையம் உள்ளே இருக்கிற முழு உருளை காயும்போது வெடித்தே தீரும். வளையங்களை ஒட்டிச் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இழுபறியில் எங்காவது ஒரு கோடு பிளந்தாக வேண்டும். விவரமான தச்சர் அதை விதியிடம் விடமாட்டார். உருளையின் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக, மையம் வரை ரம்பத்தால் ஒரு கோடு இழுத்துவிடுவார். காயக் காய அந்தக் கோடு வாய்விரிக்கும், முன்பக்கம் சுத்தமாக இருக்கும். பின்னால் கோடு இருக்கிறதே என்று திருப்பி அனுப்புகிறவர்கள், டம்மியிலேயே நல்ல வேலைப்பாட்டைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள். கவலைப்பட வேண்டிய வெடிப்பு, கைத் துளையின் மூலையிலிருந்து கிளம்பி அடுத்த துளைவரை ஓடுவது. அது வந்துவிட்டால் கை ஆடி ஆடித் துளை பெரிதாகிக்கொண்டே போகும், இரும்புப் பட்டை போட்டுத்தான் நிறுத்தவேண்டும்.

பலகைகளை ஒட்டிக் கடைந்த உருளையைப் பலரும் மட்டமாக நினைக்கிறார்கள். மையம் இல்லாத பலகைகள் என்பதால் வெடிப்பு இல்லை. தண்ணீரில் விடாத பசையாக இருந்து, ஒட்டுக்கோடு துளைக்குள் விழாமல் பார்த்துக்கொண்டால், ஈர முழுமரத்தைவிட இது எவ்வளவோ மேல். உள்ளே கூடாக விட்டுச் செய்திருந்தால் மட்டும் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எடை பாதியானால் அதே ரீப்பரில் கட்டை விசுக்கென்று திரும்பி வரும்.

கைகளுக்கு உருளையைவிடக் கெட்டி மரம் வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குப் போகும் கருவேலம், உலக்கைக்குப் போகும் புளி வைரம் இரண்டும் பொருத்தம். மொத்த நீளம் 2 அடி, வெளியே நீட்டுவது 1 அடி. வேர்ப்பக்கம் 2 அங்குல கனம், நுனியில் ஒன்றேகாலுக்கு ஒடுங்கவேண்டும். உள்ளே போகும் தண்டு ஒன்றரை அங்குலச் சதுரம், துளை அதைவிட ஒரு நூல் பெரிது. கையைப் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடவேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் குறையென்று நினைத்துத் துணி சுற்றி இறுக்குகிறார்கள். அந்த ஆட்டம்தான் முழங்கை எலும்பைக் காப்பாற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதிக் கை தானாகவே இறுகும், பங்குனியில் மறுபடி தளரும். மழைக்காலத்திலும் சற்று ஆடுகிற மாதிரி துளை இருந்தால் அளவு சரி.

கை ஒடிவதென்றால் எப்போதும் ஒரே இடத்தில்தான் ஒடியும்: சதுரம் முடிந்து உருண்டை தொடங்குகிற கழுத்தில். அங்கே உளி வைத்து நறுக்கென்று படி வெட்டியிருந்தால் விசையெல்லாம் அந்த மூலையில் போய்ச் சேரும். கழுத்து மெல்ல வளைந்து இறங்கவேண்டும். விரலை வைத்துத் தடவினால் தெரிந்துவிடும், விளிம்பு நகத்தில் தட்டக்கூடாது.

மேல்கைகள் இரண்டின் துளைகளும் உருளைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே போகின்றன. தச்சர் கூலியில் பெரும்பங்கு இந்த இரண்டு சாய்ந்த சதுரத் துளைகளுக்குத்தான். குறுக்கே போவதால் ஒரு கை மற்றதைவிட ஒன்றரை அங்குலம் மேலே நிற்கும். அது பிழை இல்லை. உருண்டைப் பகுதியைத் தண்டின் ஓரத்துக்கு நகர்த்திக் கடைந்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. நுனிகளுக்கு நடுவே உள்ள அகலம் பள்ளிக்குப் பள்ளி மாறும். உருளையின் விட்டத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். உங்கள் ஆசிரியரின் டம்மியை அளந்துகொண்டு போவது உத்தமம்.

காலில் ஏமாறுவது சுலபம். ஒரே பலகையில் முட்டி வடிவத்தை அறுத்து எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் முட்டியில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும். நாலு உதையில் அங்கேதான் பிளக்கும். தொடை ஒரு துண்டு, கெண்டைக்கால் ஒரு துண்டு என்று செய்து, துளைகூர் வைத்து மரமுளை அடித்து இணைத்ததே தாங்கும். இயற்கையாக வளைந்த கிளையில் செய்தது கிடைத்தால் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

8 அங்குலப் பிவிசி குழாயில் செய்து விற்பது இப்போது நிறைய வருகிறது. எடை 10 கிலோவைத் தொடாது, வெடிக்காது, கரையான் வராது, தூக்கிக்கொண்டு வீடு மாறலாம். அசைவுகளை மனப்பாடம் செய்ய இது போதும். அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. வெற்று டிரம் மாதிரிக் கூவும், எடை இல்லாததால் உள்ளங்கை பட்டதும் ஓடிப்போகும், போன வேகத்தில் முகத்துக்கு நேரே வரும். வெட்டிய துளையின் மூலையில் விரிசல் விடும். மூலைகளைச் சதுரமாக வெட்டாமல் சின்னத் துரப்பணத்தால் வட்டமாக்கியிருந்தால் அந்த விரிசல் தள்ளிப்போகும். உள்ளே துளைகளை ஒட்டி மரவளையம் வைத்துத் தண்டைத் தாங்கவிட்ட மாடல்களை மட்டும் பரிசீலிக்கலாம்.

பெட்டியில் அடைத்துக் கடல்தாண்டி வரும் டம்மிகளை வாங்குவதற்கு இங்கே பெரிய நியாயம் இல்லை. 50 கிலோ பெட்டிக்குக் கொடுக்கும் சரக்குக் கூலியும் வரியும் போதும், உள்ளூரில் ஒரு நல்ல தச்சரையும் கடைசல் பட்டறையையும் பிடித்துவிடலாம். தச்சர் இதற்கு முன் டம்மி செய்திருக்க வேண்டியதில்லை. கட்டில் காலும் தூணும் கடைந்து, நிலைக்கதவுக்குத் துளைகூர் வெட்டிய கைக்கு இதில் புதிதாக இருப்பது அந்த இரண்டு சாய்ந்த துளைகள் மட்டும். முதலில் ஒரு துண்டு வேப்பங்கட்டையில் அதை மட்டும் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். உருளையில் ஆரம்பித்துக் கோணம் தப்பினால் மூன்றேகால் கன அடியும் விறகு.

மேல்பூச்சு: வார்னிஷ் அடித்ததை வாங்காதீர்கள். முன்கை உரசும் இடத்தில் உரிந்து செதில் செதிலாகக் கையில் ஒட்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாக உலரவிட்டு. தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுத்துச் சிக்குவாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது, சூடேறித் தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்துவிட்டுத் தூக்கிப்போடுங்கள்.

யாருக்கு இது வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். இப் மேன் வழியில் இன்று பொதுவாகச் சொல்லித்தரும் டம்மிப் பாடம் 116 அசைவுகள். அது சியு நிம் தாவ், சம் கியூ என்ற முதல் இரண்டு வெறுங்கைப் பாடங்களும் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு முன் வாங்கிவைத்தால் துணி காயப்போடத்தான் ஆகும், மூன்று கை இருப்பதால் அதற்கு வசதியும்கூட. வாங்கியவர்களில் பலர் முதல் வாரமே முன்கை கன்றிப்போய் நிறுத்திவிடுகிறார்கள். எலும்பைக் கெட்டியாக்கும் கருவி இது இல்லை. கை சரியான கோணத்தில் போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும் கருவி. சரியாக விழுந்தால் டக்கென்று ஒற்றைச் சத்தம், கட்டை நேராக உள்வாங்கும். கோணம் தப்பினால் கை மட்டும் லொடக்கென்று அடித்துக்கொள்ளும், கட்டை திருகும். வலித்தால் காரணம் பலம் அதிகம் என்பதில்லை, கோணம் தப்பு.

மாட்டும் உயரத்தில் கடைசி வேலை. மேல்கைகள் பயிற்சி செய்பவரின் தோள்மட்டத்தில், நடுக்கை வயிற்றுக்கு நேரே, டம்மியின் முட்டி அவர் முட்டிக்கு நேரே வரவேண்டும். காலில் வழக்கமாக என்ன செருப்போ ஷூவோ போடுவீர்களோ அதோடு நின்று அளக்கவேண்டும். வீட்டில் உயரம் வேறுபட்ட இரண்டு பேர் பயில்வதாக இருந்தால் நிலைச்சட்டத்தில் 2 அங்குல இடைவெளியில் மூன்று பள்ளம் வெட்டிவிடச் சொல்லுங்கள். கட்டையைக் கழற்றாமல் ஒவ்வொரு முனையாக ரீப்பரை மாற்றிக்கொள்ளலாம், இரண்டு பேர் வேண்டும். கைகளின் பின்னால் அடிக்கும் முளைகளில் நாலைந்து கூடுதலாகச் சீவி வாங்கிக்கொள்ளுங்கள். டம்மியில் முதலில் காணாமல் போவது அதுதான்.